ஜெயில் ரோட்டில் ஓர் ஏணி!

காலை நேரம். எண்ணூரிலிருந்து வரும் மின்சார ரெயிலில் பெண்கள் பெட்டி நிரம்பி வழிகிறது. கல்லூரிக்குப் போகும் மாணவிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியைகளும் இருக்கிறார்கள்.

சென்னை பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே இருந்தது சிறைச்சாலை! பக்கத்துச் சாலைக்குப் பழைய ஜெயில் ரோடு என்றே பெயர். 1964-ல் அங்கே அரசாங்கம் பெண்களுக்குக் கல்லூரி திறந்தது. துறைமுகத்திலும் ஆலையிலும் கடலிலும் உழைப்பவர்களின் வீட்டுப் பெண்கள் பட்டம் வாங்கினார்கள்.

அதே ரோட்டில், ராயபுரத்தில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. அதன் முதல்வராக இருந்தவர் டாக்டர் எஸ். கீதாலட்சுமி. பின்னர் அவர் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக் கழகத்தின் துணை வேந்தரானார். 2018 டிசம்பரில் அவருக்கு அடுத்து அந்த நாற்காலியில் அமர்ந்தவரும் பெண்மணியே. அவர் டாக்டர் சுதா சேஷய்யன்.

அப்படியானால் எல்லாப் பெண்களும் ஏறிவிட்டார்களா? இல்லை.

மத்திய அரசின் 2020-21 கணக்குப்படி, நாட்டின் கல்லூரிகளிலும் பல்கலைக் கழகங்களிலும் 100 ஆண் ஆசிரியர்களுக்கு 75 பெண்கள் இருந்தார்கள். ஆனால் இவர்களில் பலர் கீழ்ப்படியில்தான். மேலே போகப் போகப் பெண்கள் குறைவு.

தடுப்பது எது?

பேராசிரியர் பதவிக்கு டாக்டர் பட்டம் வேண்டும். அதற்கு ஆராய்ச்சி செய்யவேண்டிய வயது எது? கல்யாணம் ஆகி, தொட்டில் ஆடும் வயது! பகலில் வகுப்பு, மாலையில் அடுப்பு. ஊர் அடங்கிய பிறகுதான் புத்தகம். ஆணுக்கும் அதே வயதுதான். ஆனால் தொட்டிலை ஆட்ட வீட்டில் வேறு ஆள் உண்டு.

இதை உணர்ந்து பல்கலைக் கழக மானியக் குழு 2016-ல் ஒரு விதி செய்தது. டாக்டர் பட்ட ஆராய்ச்சியை முடிக்கப் பெண்களுக்கு இரண்டு ஆண்டு கூடுதல் அவகாசம். பிரசவத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் விடுப்பு. தமிழக அரசும் 2021-ல் தன் ஊழியர்களுக்குப் பிரசவ விடுப்பை 9 மாதத்திலிருந்து 12 மாதமாக உயர்த்தியது.

இன்னொரு சங்கடமும் உண்டு. அரசுக் கல்லூரியில் பதவி உயர்வு வந்தால், கூடவே வெளியூர் மாற்றமும் வரலாம். கணவருக்கு வேலை எண்ணூரில். குழந்தைக்குப் பள்ளி திருவொற்றியூரில். உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடத் தோன்றும். அப்படிப்பட்ட வீட்டில், "நீ போய்வா அம்மா, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மாமியார் சொன்னால், சட்டம் கொடுக்காத விடுப்பு அது!