பின் சீட்டில் பரீட்சை அதிகாரி!

கார் ஓடுகிறது. ஓட்டுபவர் மாணவர். பக்கத்தில் ஆசிரியர். பின் சீட்டில் பரீட்சை அதிகாரி. பரீட்சை யாருக்கு? ஆசிரியருக்கு!

பிரிட்டனில் கார் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியராகப் பதிவு பெற 3 பரீட்சைகள் உண்டு. இது கடைசிப் பரீட்சை. முன்பு அதிகாரியே மாணவர்போல் நடித்தார். 2017 டிசம்பர் முதல் நிஜ மாணவரே வருகிறார்.

மொத்தம் 51 மார்க்கு. 31 வாங்கினால் பாஸ். ஆனால் ஒரு கண்டிப்பு உண்டு. ஆபத்தைச் சமாளிப்பதற்கு மட்டும் 15 மார்க்கு. அதில் 7 அல்லது அதற்கும் குறைவாக வாங்கினால், மற்றதில் முழு மார்க்கு எடுத்தாலும் பெயில்தான்! மூன்று முறை தவறினால் முதல் பரீட்சையிலிருந்து தொடங்க வேண்டும். பிழைப்பு அல்லவா?

எனவே, வண்டி கிளம்பும் முன்பே பேச்சு தொடங்குகிறது.

"கண்ணாடி பார்ப்பது உங்கள் பொறுப்பு. புது ரோட்டில் நான் சொல்லித் தருகிறேன். என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. ஆபத்து என்றால் மிதிப்பேன். சரி, உங்கள் பொறுப்பு என்ன? சொல்லுங்கள்."

மாணவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். வெறும் தலையாட்டல் போதாது.

வழியில் ஆசிரியர் பிரேக்கை மிதித்துவிட்டால்? பேசாமல் போய்விடக் கூடாது. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, காரணம் பேசவேண்டும்.

"அந்தச் சைக்கிள்காரரை எப்போது பார்த்தீர்கள்?"

மாணவர் விழித்தால், பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பின்னால் பேனா ஓடிக்கொண்டிருக்கும்!