படி எடுத்து வைத்தல்



டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஒரே ஓர் ஏட்டை நம்பி அதனைச் செய்யவில்லை. பல இடங்களிலிருந்து சுவடிகளைத் தேடிப் பெற்று, ஒப்புநோக்கியே பதிப்பித்தார். பனையோலை செல்லரிக்கும்; ஒடியும். ஆகவே பழைய ஏடு நைந்துபோகுமுன் புதிய ஏட்டில் படி எடுத்து வைப்பது நம் முன்னோர் வழக்கம். அவ்வாறு படிகள் பல ஊர்களில் இருந்த நூல்கள் பிழைத்தன. இல்லாதவற்றுள் பல, பெயரளவில் மட்டுமே நமக்குத் தெரிகின்றன.

ஏடு போய்த் தாள் வந்தது. தாளுக்குப் பின் கணினி வந்தது. கருவி மாறினும் கடமை மாறவில்லை. உங்கள் பாடக் குறிப்பு, சான்றிதழ், ஆய்வுக் கட்டுரை ஆகியவற்றைப் படி எடுத்து வைக்க எந்தக் கருவி ஏற்றது என்பதே இன்றைய பேச்சு.

முதற்கண் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். “எழுதியதைப் பென் டிரைவில் ஒரு படி எடுத்து வைத்துக்கொள், அம்மா” என்றேன். அவளும் தவறாது செய்தாள். ஆனால் மடிக்கணினியும் பென் டிரைவும் ஒரே பையில் இருந்தன. இரயிலில் அந்தப் பை களவு போயிற்று. மூன்றாண்டு உழைப்பில் எஞ்சியவை, இரண்டு இயல்களின் அச்சுத் தாள்களே. “நீங்கள் சொன்னபடிதானே செய்தேன், ஐயா” என்று அவள் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. படி எடு என்று சொன்ன நான், அதனை எங்கே வைப்பது என்று சொல்லவில்லை.

நிற்க. எவ்வளவு இடம் வேண்டும் என்று முதலில் கணக்கிடுங்கள். இன்று வழங்கும் ஒருங்குறி முறையில் ஒரு தமிழ்க் குறி பெரும்பாலும் 3 பைட் இடம் கொள்ளும். பக்கத்துக்கு 1,500 குறிகள் எனக் கொண்டால், 200 பக்க ஆய்வேட்டின் எழுத்து முழுவதும் ஏறத்தாழ 1 மெகாபைட்டே. படமாக எடுத்த பக்கம் ஒன்று 2 மெகாபைட் ஆனாலும், ஆயிரம் பக்கம் 2 ஜிகாபைட்தான். ஆதலின் பெரும்பாலோருக்கு 64 ஜிகாபைட் தாராளம். மிகப் பெரிய கொள்ளளவை மிகக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்லும் போலிகளை வாங்காதீர்கள். அவற்றின் உண்மையான அளவு நிரம்பியபின் எழுதுவன எல்லாம் பாழ்.

அடுத்து, கருவிகளின் இயல்பு. ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க், 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் கொண்டது. அதில் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துகளே. இன்று அதனினும் பன்மடங்கு கொள்ளும் கருவி உள்ளங்கையில் அடங்குகிறது. ஆயினும் அதன் அடிப்படை அதுவே: தட்டு சுழலும், அதனைத் தொடாமல், மயிரிழையினும் குறைந்த இடைவெளியில், படிக்கும் முனை மிதக்கும். கைதவறி விழுந்தால் முனை தட்டைக் கீறிவிடக்கூடும். இது வீட்டில் வைப்பதற்கு உரியது. பையில் சுமப்பதற்கு அன்று.

பென் டிரைவிலும் எஸ்.எஸ்.டி.யிலும் சுழலும் உறுப்பு இல்லை. அதிர்ச்சியை ஓரளவு தாங்கும். ஆனால் அவற்றில் எழுத்துகள் மின்னூட்டமாகவே நிற்கின்றன. மின்சாரம் பெறாது பல ஆண்டுகள் கிடந்தால் அம்மின்னூட்டம் மெல்லக் கசியும். கொண்டு செல்ல நல்லது; பெட்டியில் பூட்டிப் பத்தாண்டு மறந்துவிட ஏற்றதன்று.

இணையச் சேமிப்பு, வீட்டில் தீயோ வெள்ளமோ திருடனோ புகுந்தாலும் தப்பும். எனினும் கடவுச்சொல்லை மறந்தால் கதவு திறவாது. கணினியோடு தானே ஒத்தியங்குமாறு அமைத்திருந்தால், நீங்கள் தவறி அழித்தது அங்கேயும் அழியும்.

ஒவ்வொன்றிலும் ஒரு குறை உண்டு. ஆகவே எந்த ஒரு கருவியையும் தனியே நம்பாதீர்கள். மூலத்தையும் சேர்த்து மூன்று படிகள், இருவகைக் கருவிகள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில். அறிந்தோர் கூறும் நெறி இதுவே. மாணவருக்குக் கணினி, வீட்டு அலமாரியில் ஓர் எஸ்.எஸ்.டி. அல்லது ஹார்டு டிஸ்க், இணையத்தில் ஒரு படி ஆகிய மூன்றும் போதும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துப் படி எடுங்கள். எடுத்தவுடன் கருவியைக் கழற்றி வையுங்கள். கணினியைப் பற்றும் நச்சுநிரல், அதனோடு இணைந்திருப்பதையும் பற்றும். அவ்வப்போது ஒரு கோப்பைத் திறந்தும் பாருங்கள். திறந்து பாராத படி, படி ஆகாது.

அம்மாணவி மனம் தளராது மேலும் ஈராண்டு உழைத்துப் பட்டம் பெற்றாள். அன்று மாலையே என் வீட்டிற்கு வந்து, சிறு பெட்டி ஒன்றை என் கையில் கொடுத்தாள். “இஃது உங்கள் ஊரில் இருக்கட்டும், ஐயா” என்றாள். அது என் அலமாரியில் இன்றும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்த்து, நலமாக உள்ளது என்று அவளுக்குத் தெரிவிக்கிறேன்.