கார் பேட்டரி இறங்கிவிட்டதா? நான்கு கிளிப்புகளை மாட்டும் வரிசை

செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரிதான் காரணம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். மங்கலாக எரிந்தாலோ, சாவியைத் திருப்பும்போது ‘டிக் டிக்’ என்று மட்டும் சத்தம் வந்தாலோ, பேட்டரி இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். இன்ஜின் வழக்கமான வேகத்தில் சுழன்றும் பிடிக்கவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. அப்போது இன்னொரு காரிலிருந்து கரன்ட் கொடுத்துப் பயனில்லை.

கேபிளைத் தேடும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். பேட்டரியின் டெர்மினல்களில் (வயர் மாட்டும் இரு முனைகள்) வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கிறதா? கையால் அசைத்தால் வயர் ஆடுகிறதா? அங்கே தொடர்பு சரியில்லாவிட்டாலும் இதே அறிகுறிகள்தான் வரும். துடைத்து முறுக்கினாலே சில நேரம் வண்டி கிளம்பிவிடும்.

ஜம்ப் ஸ்டார்ட் (நல்ல பேட்டரி உள்ள காரிலிருந்து கரன்ட் கொடுத்துக் கிளப்புவது) எப்போது கூடாது? பேட்டரி உப்பியிருந்தால், விரிசல் விட்டிருந்தால், ஆசிட் கசிந்தால், அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் கை வைக்க வேண்டாம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எந்த வண்டியிலிருந்து கரன்ட் வாங்கலாம்? பெட்ரோல் காரா டீசல் காரா என்பது பொருட்டல்ல. இரண்டிலும் 12 வோல்ட் பேட்டரிதான். அளவில் உங்கள் காரை ஒத்த கார் போதும். பெரிய லாரி, பஸ்களில் பெரும்பாலும் 24 வோல்ட் என்பதால் அவற்றிலிருந்து எடுக்காதீர்கள். காரின் எலக்ட்ரானிக் பாகங்கள் கருகிவிடும். பைக் பேட்டரிக்கு அவ்வளவு சக்தி கிடையாது. ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்களிலிருந்து எடுப்பதென்றால், அந்த வண்டியின் கையேடு அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

12 வோல்ட் ஷாக் அடிக்காதே, பிறகென்ன பயம்? ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆபத்து வேறு இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, பேட்டரியிலிருந்து ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். உங்கள் வளையலோ ஸ்பேனரோ பிளஸ் முனையையும் கார் பாடியையும் சேர்த்துத் தொட்டுவிட்டால் பழுக்கக் காய்ந்து சுட்டுவிடும். மற்றொன்று, சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அதன் அருகே பொறி பறந்தால் பேட்டரி வெடித்து, உள்ளிருக்கும் கந்தக அமிலம் முகத்தில் தெறிக்கலாம். கீழே சொல்லும் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் தவிர்க்கத்தான்.

மாட்டுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்? இரு கார்களையும் கேபிள் எட்டும் தூரத்தில் நிறுத்துங்கள்; ஒன்றையொன்று தொடக் கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள்; ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங்கில். இரண்டு இன்ஜினையும், ஏ.சி., லைட், பாட்டு எல்லாவற்றையும் அணையுங்கள். மோதிரம், வளையல், வாட்ச்சைக் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது. கேபிள் தடிமனாக இருக்கட்டும். மெல்லிய கேபிள் சூடேறி உருகும்.

இனி வரிசை. வயரின் நிறத்தை மட்டும் நம்பாமல், பேட்டரியில் பொறித்திருக்கும் + − குறிகளைப் பார்த்து மாட்டுங்கள்.

1. சிவப்பு கேபிளின் ஒரு கிளிப், இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில்.
2. சிவப்பின் மறு கிளிப், நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில்.
3. கறுப்பு கேபிளின் ஒரு கிளிப், நல்ல பேட்டரியின் மைனஸில்.
4. கறுப்பின் மறு கிளிப், கிளம்பாத காரின் இன்ஜினில் பெயின்ட் பூசாத கனமான இரும்புப் பகுதியில். பேட்டரி, ஃபேன், பெல்ட், பெட்ரோல் குழாய் எதற்கும் பக்கத்தில் வேண்டாம்.

கடைசி கிளிப்பையும் பேட்டரியின் மைனஸிலேயே மாட்டினால் என்ன? வண்டி கிளம்பத்தான் செய்யும். ஆனால் கரன்ட் ஓடும் வழி முழுமையடைவது அந்த நான்காவது கிளிப்பில்தான். பொறி பறந்தால் அங்கேதான் பறக்கும். ஹைட்ரஜன் இருக்கக்கூடிய இடமோ பேட்டரியின் அருகில். மைனஸ் முனை ஏற்கெனவே இன்ஜினோடும் பாடியோடும் இணைந்திருப்பதால், தள்ளி மாட்டினாலும் கரன்ட் போய்ச் சேர்ந்துவிடும்.

பிளஸ்ஸும் மைனஸும் மாறிவிட்டால்? பெரிய பொறி பறக்கும், ஃபியூஸ் போகும். காரின் கம்ப்யூட்டர் கருகினால், புதுப் பேட்டரி விலையைவிடச் செலவு கூடிவிடும். ஆகவே சாவியைத் தொடும் முன் நான்கு கிளிப்பையும் மறுபடி பாருங்கள்.

இப்போது நல்ல காரை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். பிறகு உங்கள் காரில் செல்ஃப் அடியுங்கள், ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து நொடிக்கு மேல் வேண்டாம். எடுக்கவில்லையென்றால் ஒரு நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். மூன்று தடவைக்கும் மசியவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். விடாமல் அடித்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரும் கெடும்.

கிளம்பியதும் இன்ஜினை அணைக்காமல், மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள்: நான்காவது முதலில், ஒன்றாவது கடைசியில். எல்லாம் கழலும்வரை கிளிப்புகள் ஒன்றோடொன்று உரசக் கூடாது. ஆசிட் கண்ணில் பட்டுவிட்டால் உடனே 20 நிமிடமாவது தண்ணீரால் கழுவிக்கொண்டேயிருந்து, பிறகு டாக்டரிடம் போங்கள்.

பானெட்டைத் திறந்தால் பேட்டரியையே காணோமா? சில கார்களில் அது டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும். அப்படிப்பட்ட பல கார்களில் கேபிள் மாட்டுவதற்கென்றே பானெட்டுக்குள் சிவப்பு மூடி போட்ட முனை உண்டு. கையேட்டில் அதன் இடம் இருக்கும்.

தள்ளி ஸ்டார்ட் செய்யக் கூடாதா? மேனுவல் கியர் காரில் முடியும், ஆட்டோமேட்டிக்கில் நடக்காது. மேனுவலிலும் இன்ஜின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாக இறுகும் என்பதால் இறக்கத்திலோ போக்குவரத்து நடுவிலோ முயல வேண்டாம்.

வண்டி கிளம்பிவிட்டது, பிரச்சினை தீர்ந்ததா? பாதிதான். நின்ற இடத்தில் ஓட விடாமல் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். அதிலும் பேட்டரி முழுதாக நிறையாது. கடையில் சார்ஜரில் போட்டால்தான் நிறையும். லைட்டை அணைக்க மறந்ததாலோ, பல வாரம் எடுக்காமல் விட்டதாலோ இறங்கியிருந்தால் இவ்வளவே போதும்.

காரணம் தெரியாமல் இறங்கியிருந்தால், மெக்கானிக்கை மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். சில மணி நேரம் ஓய்ந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 14 வோல்ட்டை ஒட்டி இருக்கும். ஓடும்போதும் 12-இலேயே நின்றால், சந்தேகம் ஆல்டர்நேட்டர் (ஓடும் இன்ஜினைக் கொண்டு பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவி) மேல் விழ வேண்டும். அதைச் சரிசெய்யாமல் பேட்டரியை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரமே இறங்கிவிடும்.