சைக்கிள் மிதிக்கும் கால்களையும் கவனிப்போம்

2022 ஆம் ஆண்டு யூலை மாதம். நாடெங்கும் பெற்றோல் இல்லை. எரிபொருள் நிலையங்களின் முன்னால் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டிருந்தன. வெளிக்களப் பணிக்கு நான் ஓடும் மோட்டார் சைக்கிளும் வீட்டு மூலையில் நின்றது. ஆனால் சந்திக்க வேண்டிய குடும்பங்கள் காத்திருந்தன. பல ஆண்டுகளாகத் தொடாத சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு புதுக்குடியிருப்பிலிருந்து முல்லைத்தீவுக்குப் புறப்பட்டேன். ஏறக்குறைய 20 கிலோமீற்றர். பாடசாலைக் காலத்தில் சைக்கிளிலேயே திரிந்தவள்தானே, இதென்ன பெரிய தூரம் என்ற நினைப்பு எனக்கு.

முள்ளிவாய்க்காலைத் தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. சோளகக் காற்று வேறு ஆளைத் தள்ளியது. வட்டுவாகல் பாலத்தை நெருங்கியபோது வலது கெண்டைக்கால் திடீரெனக் கல்லாக இறுகியது. காலை மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. சைக்கிளோடு வீதியோரம் சரிந்தேன்.

எதிரே மீன் பெட்டி கட்டிய சைக்கிளில் வந்த ஓர் அக்கா இறங்கி ஓடி வந்தார்.

"பயப்பிடாதையும் பிள்ளை, கெண்டை பிடிச்சிட்டுது. முழங்காலை நீட்டும்" என்றபடி என் பாதத்தைப் பிடித்து, விரல்களை என் முகத்தை நோக்கி மெதுவாகத் தள்ளினார். அரை நிமிடம் அப்படியே வைத்திருந்தார். இறுக்கம் மெல்ல மெல்ல இளகியது.

"மீன் பழுதாகப் போகுது அக்கா, நீங்கள் போங்கோ" என்றேன்.

"மீன் கிடக்கட்டும். காலமை என்ன சாப்பிட்டனீர்?"

"தேத்தண்ணி மட்டுந்தான்."

"வழியிலை தண்ணி குடிச்சனீரோ?"

"இல்லை அக்கா. ஒதுங்க ஓரிடமும் இல்லையெண்டு குடிக்கேல்லை."

அவர் சிரித்தார். "நாங்களும் உப்பிடித்தான் இருந்தனாங்கள். ஒருநாள் நடு றோட்டிலை விழுந்து, மீன் எல்லாம் கொட்டுப்பட்டு, அண்டைக்கு வீட்டிலை அடுப்பு எரியேல்லை. அதுக்குப் பிறகுதான் புத்தி வந்தது."

அவருடைய கணவர் 2009 இல் காணாமற் போனவர். இரண்டு பிள்ளைகளை அந்த மீன் பெட்டிதான் வளர்த்தது. அவருடைய கால் ஒருநாள் நின்றால் குடும்பமே நிற்கும். எங்கள் மகளிர் குழுக்களில் உள்ள சகோதரிகள் பலரின் நிலையும் இதுதான். முன்பள்ளி ஆசிரியை, தையல் வேலைக்குப் போகிறவர், தோட்டக் கூலிக்குப் போகிறவர் என்று எல்லோருடைய உழைப்பும் சைக்கிள் பெடலில்தான் தொடங்குகிறது. 1990களில் பொருளாதாரத் தடையால் வடக்கில் எரிபொருள் இல்லாத போதும், 1995 இடப்பெயர்வின் போதும் எங்களைச் சுமந்தது சைக்கிள்தான். சைக்கிளுக்கு எண்ணெய் விடுகிறோம், காற்று அடிக்கிறோம். மிதிக்கும் காலை மட்டும் மறந்துவிடுகிறோம்.

ஏன் பிடிக்கிறது?

தசை தானாகச் சுருங்கி, பின்னர் இளக மறுப்பதே தசைப்பிடிப்பு. வியர்வையோடு நீரும் உப்பும் போய்விடுவதால் இது வருகிறது என்பதே நெடுங்காலக் கருத்து. 1920களில் பிரித்தானியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில், கடும் வெப்பத்தில் வியர்வை சிந்தி வெறும் தண்ணீரை மட்டும் குடித்த தொழிலாளருக்குத் தசைப்பிடிப்பு வந்ததையும், தண்ணீரில் சிறிது உப்புச் சேர்த்தபோது அது குறைந்ததையும் கண்டார்கள்.

அது மட்டும் காரணமல்ல என்று இன்றைய ஆய்வாளர் பலர் கூறுகின்றனர். பழக்கத்துக்கு மிஞ்சி வேலை செய்து களைத்த தசையில், "சுருங்கு" என்று தூண்டும் நரம்புச் செய்தி ஓங்கிவிடுகிறது. "இளகு" என்று அடக்கும் செய்தி தளர்ந்துவிடுகிறது. முழு உடலும் வியர்த்திருக்க, வேலை செய்த கால் மட்டும் பிடிப்பது இதனால்தான். நீட்டி இழுத்தவுடன் இளகுவதும் இதனால்தான். நீட்டும்போது தசைநாண் இழுபட்டு, அடக்கும் செய்தி மீண்டும் வலுப்பெறுகிறது.

எனக்கு நடந்ததும் அதுவே. மோட்டார் சைக்கிளுக்குப் பழகிய கால், ஒரே நாளில் 20 கிலோமீற்றர், வெறும் வயிறு, வெயில், தண்ணீரும் இல்லை.

வராமல் தடுக்க

முதலில் சைக்கிளின் சீற்றைப் பாருங்கள். அந்த அக்கா பெட்டி கட்டப் பெரிய கரியர் வேண்டுமென்று பழைய ஆண்கள் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தார். கால் நிலத்தில் முழுதாக ஊன்ற வேண்டும் என்ற பயத்தில் சீற்றை அடிமட்டத்துக்கு இறக்கி ஓடினார். அப்படி ஓடினால் முழங்கால் எப்போதும் மடிந்தே இருக்கும், தொடைத் தசை விரைவில் களைக்கும். சரியான உயரத்தை அறிய ஓர் எளிய வழி உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு சீற்றில் நேராக இருங்கள். பெடல் ஆகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக நீண்டிருந்தால் உயரம் சரி. ஓடும்போது முன்பாதத்தால் மிதியுங்கள், முழங்கால் சற்றே மடிந்து நிற்கும். உயரத்தை ஒரே நாளில் மாற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். நிறுத்தும்போது சீற்றிலிருந்து முன்னால் இறங்கிக் கால் ஊன்றுவதைச் சுமை இல்லாமல் முதலில் பழகுங்கள்.

வெறும் தேத்தண்ணீரோடு புறப்படாதீர்கள். பழஞ்சோறு, கஞ்சி, புட்டு, பாண் எதுவானாலும் சிறிது சாப்பிடுங்கள். போத்தலில் தண்ணீர் கொண்டு சென்று, 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை சில மிடறு குடியுங்கள். அதிகம் வியர்க்கும் நாட்களில் சிட்டிகை உப்பும் சிறிது சீனியும் சேர்த்த தேசிக்காய்த் தண்ணீர், உப்பிட்ட மோர் என்பன நல்லவை. தாகத்துக்கு மிஞ்சி லீற்றர் கணக்கில் வெறும் தண்ணீர் குடிப்பதும் கூடாது, அது இரத்தத்திலுள்ள உப்பின் செறிவைக் குறைத்துவிடும். உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் உப்பும் சீனியும் சேர்த்த பானங்களை வைத்தியரிடம் கேட்ட பின்பே குடிக்க வேண்டும்.

நெடுநாள் ஓடாமல் இருந்தவர்கள் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். புறப்பட்ட முதற் சில நிமிடங்கள் மெதுவாக மிதியுங்கள். எதிர்க்காற்றில் வேகத்தைப் பிடிவாதமாகக் காக்க வேண்டாம். இறங்கி உருட்டுவது வெட்கமல்ல. ரயரில் காற்றுக் குறைந்தாலும், செயின் காய்ந்திருந்தாலும் அந்தப் பாரமும் காலில்தான் விழும்.

பிடித்துவிட்டால்

உடனே நிறுத்தி, வீதியை விட்டு ஒதுங்குங்கள். பிடித்த காலோடு தொடர்ந்து மிதிக்காதீர்கள்.

கெண்டைக்கால் என்றால் நிலத்தில் இருந்து முழங்காலை நீட்டி, பாத விரல்களை உங்களை நோக்கி இழுங்கள். கை எட்டாவிட்டால் சேலைத் தலைப்பையோ துவாயையோ பாதத்தில் கொழுவி இழுக்கலாம். முன் தொடை என்றால் சைக்கிளையோ மரத்தையோ பிடித்து நின்று, குதிகாலைப் பின்பக்கமாக மடக்கிப் பிடியுங்கள். பின் தொடை என்றால் காலை நீட்டி இருந்து, இடுப்பிலிருந்து முன்னால் குனியுங்கள்.

வெடுக்கென்று இழுக்காதீர்கள். மெதுவாக இழுத்து அரை நிமிடம் வைத்திருந்து, மீண்டும் செய்யுங்கள். பின்னர் கையால் மெல்ல நீவி, சில மிடறு குடித்து, சற்று நடந்து பார்த்த பின்பே ஏறுங்கள். வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும்.

ஊறுகாய்ச் சாறு குடித்தால் தசைப்பிடிப்பு விடும் என்பார்கள். 2010 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஊறவைத்த வெள்ளரிக்காயின் புளிப்புச் சாற்றைக் குடித்தவர்களுக்குத் தண்ணீர் குடித்தவர்களைவிட விரைவில் பிடிப்பு விட்டது. அந்தச் சாறு இரத்தத்தில் சேருமுன்பே விட்டதால், தொண்டையில் படும் புளிப்பே நரம்பை அடக்கியிருக்கலாம் என்று கருதினர். ஆனால் நீட்டி இழுப்பதே கைகண்ட முதல் மருந்து.

எப்போது வைத்தியரிடம் செல்ல வேண்டும்?

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்து, வலி விடாமல் இருந்தால் அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். அதை உருவித் தேய்க்காமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கடும் உழைப்பின் பின் சிறுநீர் கறுத்த தேத்தண்ணீர் நிறத்தில் போனாலும் தாமதிக்கக் கூடாது. வெயிலில் தலைசுற்று, வாந்தி, மயக்கம், தடுமாற்றம் ஏற்பட்டால் நிழலில் கிடத்தி, உடலை நனைத்து, 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

இரவிலும் அடிக்கடி பிடித்தல், கால் விறைத்தல், பலமிழத்தல் இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். சிறுநீர் போக்கும் மாத்திரை, கொலஸ்ட்ரோல் மாத்திரை என்பன எடுப்பவர்களுக்கும் தசைப்பிடிப்பு வரலாம். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். உடலில் செல் துண்டு உள்ள சகோதரிகள் "இது அந்தக் காயம்தான், இனி மாறாது" என்று தாங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த அக்காவும் அப்படித்தான் ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்தார். தொடையில் துண்டு இருந்தது உண்மை. ஆனால் அவருடைய பிடிப்புப் பெரிதும் குறைந்தது சீற்றை உயர்த்தி, வழியில் தண்ணீர் குடிக்கத் தொடங்கிய பிறகுதான். எது காயத்தின் வலி, எது களைப்பின் வலி என்பதை வைத்தியர்தான் பிரித்தறிய வேண்டும்.

ஒரு சிறிய ஏற்பாடு

அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேசினோம். "வழியிலை தண்ணி குடிக்கிறனீங்களோ?" என்று கேட்டேன். பெரும்பாலானோர் குடிப்பதில்லை. காரணம் எல்லோருக்கும் ஒன்றுதான், மலசலகூடம் இல்லை. எத்தனை ஆலோசனை சொன்னாலும் இதற்கு வழி காணாமல் பயனில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீதியோரம் வீடுள்ள மூன்று உறுப்பினர்கள், "எங்கடை வீட்டுக்கு வரட்டும், படலை திறந்துதான் கிடக்கும்" என்றார்கள். அன்றிலிருந்து அந்த மூன்று வீடுகளும் எங்கள் தங்குமடங்கள். ஒரு குடம் தண்ணீர், ஒரு வாங்கில், ஒரு மலசலகூடம். இதற்கு எந்தத் திட்டமும் நிதியும் தேவைப்படவில்லை. இன்று அந்த வழியில் போகிற எங்கள் பெண்கள் பயமில்லாமல் தண்ணீர் குடிக்கிறார்கள்.

சகோதரிகளே, இன்று மாலை உங்கள் சைக்கிளைச் சுவரோடு சாத்தி, சீற்றின் உயரத்தை ஒரு முறை பாருங்கள். நாளை புறப்படும்போது ஒரு போத்தல் தண்ணீரும் எடுங்கள். வீதியோரம் உங்கள் வீடு இருந்தால், சைக்கிளில் வரும் இன்னொரு பெண்ணுக்காகப் படலையைத் திறந்து வையுங்கள்.