வினையும் துணையும்

கிருட்டிணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் சிங்காரப்பேட்டை. அங்குத் தமிழ்வழிப் பயின்ற இளைஞன் ஒருவன் ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான் என வைத்துக்கொள்க. தீப்பற்றினால் செய்யவேண்டுவன யாவை என்னும் ஆங்கில அறிவிப்பு ஒன்று அங்கே சுவரில் தொங்குகிறது. அதில் 'புட் அவுட்' என்று தீயைக் குறித்து ஒரு தொடர் வருகிறது. 'புட்' என்றால் வை. 'அவுட்' என்றால் வெளியே. இரண்டும் அவன் அறிந்த சொற்களே. ஆயினும் தீயை எடுத்து வெளியே வைப்பது எங்ஙனம்? அத்தொடரின் பொருள் 'அணை' என்பதாகும். அதனை அறியாது அவன் திகைத்து நிற்கும் அளவில் தீ பரவிவிடுமன்றோ?

வினைச்சொல்லோடு சிறு சொல்லொன்று சேர்ந்து, இரண்டின் பொருளும் போய் மூன்றாவது பொருள் பிறப்பது ஆங்கிலத்தில் பெருவழக்கு. 'புட் ஆன்' என்பது அணிந்துகொள். 'புட் ஆஃப்' என்பது தள்ளிப்போடு. 'புட் அப் வித்' என்பது பொறுத்துக்கொள். 1755-இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அயல்நாட்டார்க்கு மிகுந்த இடர் தருவன இத்தொடர்களே என்று முன்னுரையில் குறித்தார். இவற்றிற்குப் 'பிரேசல் வெர்ப்' என்னும் பெயரை 1925-இல் தம் நூலில் வழங்கியவர் லோகன் பியர்சால் ஸ்மித். அப்பெயரைத் தமக்குக் கூறியவர் ஆக்ஸ்போர்டு அகராதிப் பதிப்பாசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்றும் அவர் எழுதியுள்ளார்.

தமிழ் மாணவர்க்கு இது முற்றும் புதியதன்று. 'கிவ் அப்' என்பதற்குக் கைவிடு என்று பொருள் கூறுகிறோம். கைவிடுபவன் எந்தக் கையை விடுகிறான்? தள்ளிப்போடு என்பதிலும் தள்ளுதல் இல்லை, போடுதலும் இல்லை. தமிழ் கற்கும் ஆங்கிலேயன் இவ்விடத்தில் இடறுவது உறுதி.

'லுக் ஆஃப்டர்' என்பது பார்த்துக்கொள். 'பார்' என்னும் முதல்வினையோடு 'கொள்' என்னும் துணைவினை சேரப் பேணுதல் என்னும் பொருள் பிறந்தது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் ஓசூர்க் கடைத்தெருவில் கன்னடர் இதனையே 'நோடிகோ' என்பர். தெலுங்கர் 'சூசுகோ' என்பர். மும்மொழியிலும் பார்த்தற்சொல் வேறு. பின்வரும் துணைவினை ஒன்றே.

வேறுபாடும் ஒன்று உண்டு. தமிழில் முதல்வினைக்கும் துணைவினைக்கும் இடையே 'போயேவிட்டான்' என்பதுபோல ஓர் இடைச்சொல் புகலாம், பெயர்ச்சொல் புகாது. ஆங்கிலத்திலோ 'புட் அவுட் த ஃபயர்' என்றும், 'புட் த ஃபயர் அவுட்' என்றும் இருவகையாகவும் கூறலாம். ஆனால் தீயை 'இட்' எனச் சுட்டும்போது, 'புட் இட் அவுட்' என்று இடையில் வைத்தே கூறுதல் வேண்டும். 'லுக் ஆஃப்டர்' இங்ஙனம் பிரியாது. குழந்தையாயினும் 'இட்' ஆயினும் இறுதியிலேயே வரும். எது பிரியும், எது பிரியாது என்பதை நல்ல அகராதி எடுத்துக்காட்டுடன் தெரிவிக்கும். அதில் 'அவுட்' என்னும் சொல்லைத் தேடற்க. 'புட்' என்பதன்கீழ், தனிச்சொற்பொருள்கள் முடிந்தபின் இத்தொடர்கள் வரிசையாக நிற்கும்.