மரத்தில் அமரும் இரும்பு

குறி தவறுமானால் சுடுபவனுடைய கையையோ கண்ணையோ குற்றம் சொல்வதுதான் உலக வழக்கம். ஆயினும், கை நடுங்காத நிபுணனுடைய குண்டும் வேளைக்கொரு திசையில் விலகிச் செல்வதற்கு, ரைபிளின் இயந்திரப் பகுதி மரக்கட்டையில் சரிவரப் படிந்து அமராமையே பல சமயங்களில் காரணமாகிறது.

ஈரத்தில் உப்புவதும் வெயிலில் சுருங்குவதும் மரத்தின் சுபாவம். 1966-இல் அமெரிக்க மரைன் படையினர் வியத்நாம் யுத்தத்துக்கென ஏற்றுக்கொண்ட எம்40 ரைபிளின் வால்நட் மரக்கட்டை, அந்நாட்டு மழைக்காட்டின் ஈரத்தில் உப்பி வளைந்து குழலை அழுத்தலாயிற்று, குறியும் மாறிற்று.

துப்பாக்கிக் கம்மியர்கள் கண்ட பரிகாரம் சூக்ஷ்மமானது. பின்னுதைப்பைத் தாங்கும் இரும்பு முனையைச் சுற்றியும் திருகாணிகளின் அருகிலும் மரத்தைச் சிறிதே செதுக்கி, அப்பள்ளத்தில் எபாக்ஸிப் பிசினை இட்டு, மெழுகு தடவிய இயந்திரப் பகுதியை அதன்மேல் வைத்து, பிசின் இறுகும்வரை பொறுத்திருந்தால், அரக்கில் முத்திரை பதிந்ததுபோல் இரும்பின் வடிவம் அதில் பதிந்துவிடுகிறது. பிறகு திருகாணியை முடுக்கும்போது இரும்பு வளைவதில்லை, ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் அது பழைய ஸ்தானத்திற்கே திரும்புகிறது. மெழுகு தடவ மறந்தவன் பாடுதான் பரிதாபம்: இரும்பையும் மரத்தையும் பிரிப்பது பிரம்மப் பிரயத்தனம்!

குழலைப் பெரும்பாலும் மரத்தைத் தொடாமலே விட்டுவிடுவார்கள். இடையில் ஒரு காகிதத் துண்டு தடையின்றி நகர வேண்டும்.

1970-களில் வந்த எம்40ஏ1 ரைபிளில் மரத்தையே நீக்கிக் கண்ணாடியிழைக் கட்டையைப் பொருத்தினார்கள். அப்போதும் பிசின் படுக்கையை மட்டும் கைவிடவில்லை. ஆனால் உட்புறம் தேய்ந்துபோன குழலுக்கு இந்த வைத்தியம் எதுவும் பலிக்காது.