ஒரே அறை, ஆறு ரோபோக்கள்

படமே இல்லாமல் எழுத்தை மட்டும் நம்பி வந்த கணினி விளையாட்டு ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். பெயர் 'சஸ்பெண்டட்'. மைக்கேல் பெர்லின் எழுதியது. அமெரிக்காவின் இன்ஃபோகாம் நிறுவனம் 1983-இல் வெளியிட்டது.

ஆடுபவர் நிலத்தடியில் உறைதூக்கத்தில் கிடக்கும் மனிதர். அசைய முடியாது. ஆறு ரோபோக்களுக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்தே எல்லாவற்றையும் நடத்த வேண்டும். அவற்றில் ஐரிஸுக்கு மட்டும்தான் பார்வை உண்டு. ஆடா ஒலிகளைக் கேட்கும். போயட் மின்னோட்டத்தை உணர்ந்து, கவிஞரைப்போலப் புதிராகப் பேசும். ஒரே அறைக்குள் இவற்றை ஒவ்வொன்றாக அனுப்பினால், திரையில் வரும் வர்ணனை ஒவ்வொரு முறையும் வேறு. பல பாத்திரங்களின் கண் வழியே கதை சொல்ல விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. பாத்திரத்தின் பெயரை மட்டும் மாற்றினால் போதாது, உலகம் அதற்குத் தென்படும் விதமே மாற வேண்டும்.

இந்த விளையாட்டில் ஒரு சிக்கல்: ஆட்டம் தொடங்கும்போதே ஐரிஸின் பார்வை பழுதாகிக் கிடக்கும்! முதலில் அதைச் சரிசெய்தாக வேண்டும். எந்த ரோபோ எங்கே நிற்கிறது என்பதை மறந்துவிடாமல் இருக்க, விளையாட்டுப் பெட்டிக்குள் வரைபடமும், நகர்த்தி வைக்கச் சிறு காய்களும் கொடுத்திருந்தார்கள்.